கொரோனாவால் நின்றுபோன பி.டி.எஸ். டூர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020இல் கொரோனா பரவியபோது, தென் கொரியாவைச் சேர்ந்த ஏழு பேர் பாட்டுக் குழுவான பி.டி.எஸ்.ஸின் உலகச் சுற்றுப்பயணம் மொத்தமாக நின்றுபோனது. அந்த நேரத்தில் ரசிகர்கள் என்ன செய்தார்கள், எப்படித் தாங்கிக்கொண்டார்கள் என்று ஆர்மிக்குள் (பி.டி.எஸ். ரசிகர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்) புதிதாக வந்த தம்பி தங்கைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சில சமயம் அவர்களுடைய அம்மாக்களும் கேட்கிறார்கள். நான் மதுரைக்காரி, 2018இலிருந்து ரசிகை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நின்றுபோனது எந்த டூர்? எப்போது, எப்படி நின்றது?

'மேப் ஆஃப் தி சோல்' டூர். அதே பெயர் வரிசையில் வந்த ஆல்பம் 2020 பிப்ரவரி 21 அன்று வெளியானது. ஏப்ரல் 11, 12, 18, 19 ஆகிய நான்கு நாட்கள் சியோலில் உள்ள ஜாம்சில் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் தொடங்கி, அமெரிக்கா, கனடா, ஜப்பான், ஐரோப்பா என்று போவதாகத் திட்டம்.

ஆல்பம் வருவதற்கு மூன்று நாள் முன்னால்தான், பிப்ரவரி 18 அன்று, டேகு நகரத்தில் கொரியாவின் 31ஆவது நோயாளி உறுதியானார். பத்தே நாளில் அந்த எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. பிப்ரவரி 24 அன்று நடந்த ஆல்பம் செய்தியாளர் சந்திப்பிலேயே செய்தியாளர்கள் இல்லை. ஏழு பேரும் காலியான அரங்கில் உட்கார்ந்து யூடியூப் வழியாகப் பதில் சொன்னார்கள். அதைப் பார்த்தபோதே எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது.

பிப்ரவரி 28: சியோல் நிகழ்ச்சிகள் ரத்து. மார்ச் 26: வட அமெரிக்க நிகழ்ச்சிகள் தள்ளிவைப்பு. ஏப்ரல் 28: ஏற்கெனவே சொன்ன எந்தத் தேதியும் இனி செல்லாது, முழு டூரையும் புதிதாகத் திட்டமிடுகிறோம் என்று அறிவிப்பு. கடைசியாக 2021 ஆகஸ்ட் 20 அன்று டூரே ரத்து. முதல் அறிவிப்புக்கும் கடைசி அறிவிப்புக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றரை வருடம்.

சியோல் நிகழ்ச்சிகளைத் தள்ளிவைக்காமல் ஏன் நேரடியாக ரத்து செய்தார்கள்?

அவர்களுடைய நிறுவனமான பிக் ஹிட் (இன்றைய ஹைப்) சொன்ன காரணம் எளிமையானது. ஏப்ரலில் நோய் எந்த அளவுக்கு இருக்கும் என்று பிப்ரவரியில் கணிக்க முடியாது. நான்கு நாளுக்கும் சேர்த்து இரண்டு லட்சம் பேர் வருவார்கள். மேடைக் கலைஞர்களும் தொழில்நுட்ப ஆட்களும் வெளிநாடுகளிலிருந்து வரவேண்டும். கொரியாவுக்குப் போகவும் அங்கிருந்து வரவும் பல நாடுகள் தடை போட ஆரம்பித்திருந்தன. கடைசி நேரத்தில் நிறுத்தினால் பறந்து வந்தவர்கள் நடுவழியில் மாட்டிக்கொள்வார்கள்.

என்னைக் கேட்டால், அந்தக் குழப்பமான வருடத்தில் வந்த அறிவிப்புகளில் ரசிகர்களிடம் மிக நேர்மையாக நடந்துகொண்டது இதுதான். ஆறு வாரம் முன்னாலேயே சொன்னார்கள். இல்லை என்றால் இல்லை என்றார்கள். பணம் முழுவதும் திரும்பி வந்தது. அன்று அழுதோம், ஆனால் எதற்காக அழுகிறோம் என்று தெரிந்து அழுதோம். அதன் அருமை பின்னால் வந்த மாதங்களில்தான் புரிந்தது.

திரும்பி வந்த டிக்கெட் பணத்தை ரசிகர்கள் நன்கொடையாகக் கொடுத்தார்களாமே, உண்மையா?

உண்மை. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

குழுவில் ஒருவரான சுகா டேகுவில் பிறந்து வளர்ந்தவர். தன் ஊரில் ஆஸ்பத்திரிகள் நிரம்பிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், பிப்ரவரி 27 அன்று, ஹோப் பிரிட்ஜ் என்ற கொரியப் பேரிடர் நிவாரணச் சங்கத்துக்கு அவர் 10 கோடி வொன் கொடுத்தார். நம் பணத்தில் அன்றைக்குச் சுமார் 60 லட்சம் ரூபாய். மறுநாளே சியோல் நிகழ்ச்சிகள் ரத்து என்று அறிவிப்பு வந்தது.

டிக்கெட் பணம் கணக்குக்குத் திரும்பப்போகிறது என்று தெரிந்ததும், ரசிகர்கள் ஒவ்வொருவராக அதே தொகையை அதே சங்கத்துக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. ஒருத்தி ரசீதைப் படமெடுத்துப் போட்டாள், அதைப் பார்த்து இன்னொருத்தி. சில நாட்களில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து கோடிக்கணக்கான வொன் கொடுத்திருந்தார்கள். சியோலுக்கு டிக்கெட்டே வாங்காத, வாங்க வாய்ப்பே இல்லாத வெளிநாட்டு ரசிகர்களும் முடிந்ததை அனுப்பினார்கள்.

டிக்கெட் வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் பணக்காரர்கள் இல்லை. கல்லூரி மாணவிகள், கடைகளில் பகுதிநேர வேலை பார்ப்பவர்கள். மாதக்கணக்கில் சேர்த்த பணம் அது. வேறு எதற்காவது செலவழித்திருக்கலாம், அடுத்த கான்செர்ட்டுக்கு எடுத்து வைத்திருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லியிருக்க மாட்டார்கள். "ஏப்ரலில் அவர்களுக்காக ஒதுக்கிய பணம்தானே, அவர்கள் ஊருக்கே போகட்டும்" என்று நினைத்தார்கள். அவ்வளவுதான்.

'தள்ளிவைப்பு' என்றால் என்ன, 'ரத்து' என்றால் என்ன? ரசிகர்களுக்கு எது வசதி?

பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். டிக்கெட் வைத்திருப்பவருக்கு இரண்டும் வேறு வேறு.

ரத்து என்றால் நிகழ்ச்சி இல்லை. பணம் திரும்ப வந்தாக வேண்டும். தள்ளிவைப்பு என்றால் டிக்கெட் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். புதுத் தேதிக்கு அதே டிக்கெட் செல்லும் என்பதால் பணம் தானாகத் திரும்பாது. வழக்கமாக இது ரசிகருக்கு நல்லதுதான், இடம் பறிபோகாதே. புதுத் தேதியே சொல்லாமல் தள்ளிவைத்தால்தான் சிக்கல். பணமும் கையில் இல்லை, நிகழ்ச்சியும் இல்லை, எப்போது என்றும் தெரியாது. 2020இல் அமெரிக்காவில் எல்லாப் பாடகர்களின் ரசிகர்களும் மாட்டிக்கொண்டது இதில்தான்.

என் சித்தி மகள் சான் ஹோசேயில் வேலை பார்க்கிறாள். சான்டா கிளாராவில் உள்ள லீவைஸ் ஸ்டேடியத்தில் ஏப்ரல் 25 நிகழ்ச்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருந்தாள். வட அமெரிக்காவில் முதல் நாள் அதுதான். மார்ச் மத்தியில் அவர்கள் பகுதியில் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று உத்தரவு. பத்து நாள் கழித்துத் தள்ளிவைப்பு அறிவிப்பு. இங்கே நமக்கு அப்போதுதான் முழு ஊரடங்கு தொடங்கி இரண்டாவது நாள்.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தாள். "ரத்துன்னு சொல்லலக்கா, தள்ளித்தான் வச்சிருக்காங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். ஒரு மாதம் கழித்துத் தேதிகள் எதுவும் செல்லாது என்று வந்ததும் குரல் மாறிவிட்டது. அப்புறம் ஒவ்வொரு மாதமும் டிக்கெட் செயலியைத் திறந்து பார்ப்பாள். டிக்கெட் அங்கே இருக்கும், தேதி இருக்காது. பணத்தைக் கேட்டு வாங்கிக்கொள் என்று சித்தி சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கேட்டு வாங்கினால் வரிசையை விட்டு நாமே விலகிய மாதிரி ஆகிவிடும் என்று இவள் பயந்தாள். பதினேழு மாதம் அப்படியே போனது.

ஒரு நாள் வீடியோவில் பேசும்போது தன் 'ஆர்மி பாம்'மைக் காட்டினாள். கான்செர்ட்டில் ரசிகர்கள் கையில் பிடிக்கும் உருண்டையான விளக்கு அது. அடியில் மூடியைத் திறந்து மூன்று சின்ன பேட்டரிகளையும் வெளியே எடுத்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தாள். உள்ளேயே கிடந்தால் கசிந்து கெட்டுவிடும் என்றாள். காத்திருப்பு எத்தனை நாள் என்று தெரியாதவர்கள் அப்படித்தான் எடுத்து வைப்பார்கள். அந்தக் கவரைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

ஆகவே என் பதில்: கெட்ட செய்தியை ரசிகர்கள் தாங்கிக்கொள்வார்கள். சியோலில் தாங்கிக்கொண்டார்கள், கூடவே பிறருக்கும் கொடுத்தார்கள். எதுவும் சொல்லாமல் தொங்கலில் விட்டால்தான் மனசு ஓடாய்த் தேய்கிறது.

யாருமே கோபப்படவில்லையா?

பட்டார்கள். விமான டிக்கெட்டும் ஹோட்டலும் முன்கூட்டியே பதிவு செய்து பணத்தை இழந்தவர்கள் இருந்தார்கள். கான்செர்ட் டிக்கெட் பணம் வந்துவிடும், ஹோட்டல் பணம் எல்லோருக்கும் வராது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு அடுத்த செய்தி வராமல் ஓடிய மாதங்களில் நிறுவனத்தின் மீது நிறையப் பேருக்கு வருத்தம் இருந்தது. அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் நோய் பரவும்போதும் நடத்தியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்களை நான் பார்த்தது மிகக் குறைவு.

ஒரு பாட்டுக் கச்சேரிக்கு இவ்வளவு அழுகையா? உயிரே போய்க்கொண்டிருந்த நேரம் அல்லவா?

இது அம்மாக்களின் கேள்வி. என் அம்மாவும் கேட்டார்கள்.

உயிர்தான் பெரிது. அதில் ரசிகர்களுக்கு மறுபேச்சே இல்லை. அதனால்தான் அந்தப் பணம் டேகுவுக்குப் போனது. இருந்தாலும் பெரிய துக்கம் நடக்கும்போது சின்ன துக்கம் மறைந்துவிடாது. வருடத்தில் ஒரு நாளை மனதில் வைத்து மற்ற நாட்களை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நாள் காணாமல் போனால் வலிக்கும்.

அதே 2020இல் எங்கள் ஊர்ச் சித்திரைத் திருவிழா நடக்கவில்லை. மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் மட்டும் பக்தர்கள் இல்லாமல் கோயிலுக்குள் நடந்தது, நேரலையில் காட்டினார்கள். என் ஆச்சி காலையிலேயே குளித்துப் பட்டு கட்டி, என் போனைச் சுவரில் சாய்த்து வைத்து அதன் முன் உட்கார்ந்தார்கள். மாங்கல்யம் ஏறும் நேரத்தில் எப்போதும்போல் தன் தாலிக்கயிற்றையும் மாற்றிக்கொண்டார்கள். கண் தாரையாக ஓடியது. இரண்டு வாரம் முன்னால் அதே போனை அதே சுவரில் சாய்த்து வைத்து, பி.டி.எஸ். கான்செர்ட் பதிவைப் பார்த்து நான் அழுதுகொண்டிருந்ததை அம்மா பார்த்திருக்கிறார்கள். சாமியும் பாட்டும் ஒன்று என்று நான் சொல்லவே மாட்டேன். கூட்டத்தோடு கூட்டமாக நிற்க முடியாமல் போனால் மனிதருக்கு எப்படி இருக்கும் என்பது இரண்டிலும் ஒன்றுதான். அம்மா அதற்கப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

தள்ளிப்போனால் அடுத்த வருடம் பார்த்தால் போகிறது. இதில் என்ன அவசரம்?

கொரியாவில் ஆண்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை உண்டு. மூத்தவரான ஜின் 1992 டிசம்பரில் பிறந்தவர். அப்போதிருந்த விதிப்படி 28 வயதுக்குள், அதாவது 2020 முடிவதற்குள், அவர் போயாக வேண்டியிருந்திருக்கும். ஏழு பேரையும் ஒரே மேடையில் பார்க்க இதுதான் கடைசி டூர் என்று நினைத்துத்தான் பலர் டிக்கெட் வாங்கினார்கள். தள்ளிவைப்பு என்ற சொல் அவர்கள் காதில் வேறு மாதிரி விழுந்தது.

2020 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டு, நாட்டுக்குப் பெயர் சேர்த்த கலைஞர்கள் 30 வயதுவரை சேவையைத் தள்ளிப்போடலாம் என்று ஆனது. ஜின் 2022 டிசம்பர் 13 அன்று சேர்ந்தார். ஏழு பேரும் முடித்து வந்தது 2025 ஜூனில். அந்த இரண்டு வருட நீட்டிப்பு கிடைத்திருக்காவிட்டால், எத்தனையோ பேர் ஏழு பேரையும் சேர்த்துப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

ஆன்லைன் கான்செர்ட்டுகள் எப்படி இருந்தன? நிஜ கான்செர்ட்டுக்கு ஈடாகுமா?

ஈடாகாது. ஆனாலும் அவை இல்லாமல் அந்த வருடத்தைக் கடந்திருக்க முடியாது.

முதலில் வந்தது 'பேங் பேங் கான்'. சியோலில் மூன்றாவது, நான்காவது நாள் நிகழ்ச்சி நடந்திருக்க வேண்டிய அதே ஏப்ரல் 18, 19 தேதிகளில், பழைய கான்செர்ட் பதிவுகளை யூடியூபில் இலவசமாகப் போட்டார்கள். சியோலில் பகல் 12 மணி என்றால் நமக்குக் காலை 8.30. ஒரே நேரத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். ஆர்மி பாம் வைத்திருந்தவர்கள் செயலி வழியாக அதை இணைத்தால், பாட்டுக்குப் பாட்டு உலகம் முழுக்க விளக்குகள் ஒன்றாக நிறம் மாறின. சுமார் 5 லட்சம் விளக்குகள் அப்படி இணைந்தன. என்னிடம் ஆர்மி பாம் இல்லை, போன் டார்ச்சைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 14 அன்று கட்டண நேரலை, ஒரே நேரத்தில் 7.56 லட்சம் பேர். அக்டோபர் 10, 11 தேதிகளில் 'மேப் ஆஃப் தி சோல் ஆன்:இ', மொத்தம் 9.93 லட்சம் பேர். அந்த அக்டோபர் நிகழ்ச்சிக்கு அரங்கிலும் ரசிகர்களை அனுமதிப்பதாகத்தான் முதலில் இருந்தது. நோய் மறுபடியும் ஏறியதால் அதுவும் போயிற்று. இரண்டாவது நாள் கடைசியில் பேசும்போது குழுவில் ஒருவரான ஜிமின் உடைந்து அழுதார். அந்த டூருக்காகப் பயிற்சி செய்த நடனங்களை ஆளில்லாத அரங்கில் ஆட வேண்டியிருந்ததே என்று எங்களுக்கும் நெஞ்சடைத்தது. நாம் அவர்களை இழந்த மாதிரியே அவர்களும் நம்மை இழந்திருக்கிறார்கள் என்று அன்று தெரிந்தது.

டூர் நின்றதால் நல்லது எதுவுமே நடக்கவில்லையா?

'டைனமைட்' வந்தது. டூர் போயிருந்தால் அந்தப் பாட்டு வந்திருக்காது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். 2020 ஆகஸ்டில் வெளியாகி, அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100இல் அவர்களுக்கு முதல் முதலிடம் வாங்கித் தந்தது. நவம்பரில் 'பி' ஆல்பம். இன்று கேள்வி கேட்கிற தம்பி தங்கைகளில் பாதிப் பேர் 'டைனமைட்' வழியாக வந்தவர்கள்தான். அதற்காக டூர் நின்றது நல்லதுதான் என்று யாரும் சொன்னால் என்னால் தலையாட்ட முடியாது.

நோயால் கொரியாவில் கான்செர்ட்டுகள் நின்றது இதுதான் முதல் தடவையா?

இல்லை. 2015இல் மெர்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் பரவியது. மே 20 அன்று முதல் நோயாளி, மொத்தம் 186 பேருக்குத் தொற்று, 38 பேர் இறந்தார்கள். அந்த ஜூன் மாதத்தில் பல கச்சேரிகள் தள்ளிப்போயின. ஆனால் கோடைக்குள் அடங்கிவிட்டது. 2020இலும் அப்படித்தான் சீக்கிரம் முடியும் என்று கொரிய ரசிகர்கள் பலர் நம்பியதில் ஆச்சரியம் இல்லை.

அந்த டூரில் இந்தியா இருந்ததா?

இல்லை. அறிவித்த ஊர்களில் இந்தியாவில் எதுவும் கிடையாது.

மறுபடி ரசிகர்கள் முன்னால் பாடியது எப்போது?

2021 நவம்பர் 27, 28, டிசம்பர் 1, 2, லாஸ் ஏஞ்சல்ஸ் சோஃபை ஸ்டேடியம். அதற்கு முன் ரசிகர்களைத் திரட்டி நடத்திய கடைசி கான்செர்ட் 2019 அக்டோபர் 29 அன்று சியோலில். நின்றுபோன டூருக்கு டிக்கெட் வாங்கியிருந்தவர்களுக்கு இந்த விற்பனையில் முன்னுரிமை கொடுத்தார்கள். காத்திருந்தவர்களை மறக்கவில்லை என்று காட்டியது அது.

சியோல் ரசிகர்கள் 2022 மார்ச் 10 வரை பொறுக்க வேண்டியிருந்தது. 2020இல் ரத்தான அதே ஜாம்சில் ஸ்டேடியம், மூன்று நாள் நிகழ்ச்சி, ஆனால் ஒரு நாளைக்கு 15,000 பேருக்குத்தான் அனுமதி. கத்தக் கூடாது, கூடப் பாடக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது. கைதட்டலுக்குப் பதிலாக மடித்த காகித விசிறி ஒன்றைக் கொடுத்தார்கள், அதைத்தான் தட்ட வேண்டும். நேரலையில் பார்த்தேன். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் மழை அடிப்பதுபோல் அந்தக் காகிதச் சத்தம் மட்டும். பெயர் சொல்லிக் கூப்பிட இரண்டு வருடம் ஏங்கியவர்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ரசிகர் கூட்டத்தைக் கட்டுப்பாடில்லாதது என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவது அந்த மூன்று நாட்களைத்தான்.

உங்கள் சித்தி மகள் கடைசியில் பார்த்தாளா?

பார்த்தாள். தடுப்பூசிச் சான்றிதழைக் காட்டி, முகக்கவசத்தோடு, நவம்பர் 28 நிகழ்ச்சிக்குப் போனாள். சான் ஹோசேயிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஆறு மணி நேரம் கார் ஓட்டிப் போயிருக்கிறாள். பிளாஸ்டிக் கவரில் இருந்த பழைய பேட்டரிகள் தீர்ந்துபோயிருந்தன. வழியில் பெட்ரோல் பங்க்கில் புதிதாக வாங்கிப் போட்டாளாம்.

நமக்கு அப்போது திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், அவளிடமிருந்து வீடியோ கால். படம் தெரியவில்லை, சத்தம்தான். முதல் பாட்டு 'ஆன்'. நின்றுபோன டூரின் ஆல்பத்தில் முதன்மைப் பாட்டு அது. ரசிகர்கள் கோஷம் போட வேண்டிய இடங்களை 2020 மார்ச்சில் அவள் எழுதிவைத்து மனப்பாடம் செய்திருந்தாள். போனில் பாட்டைவிட அவள் குரல்தான் அதிகமாகக் கேட்டது, ஒரு இடம்கூட விடவில்லை.